சர்க்கரையும் சாந்தமும்

நலமாக உள்ள ஆண்கள் இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, முன்பின் அறியாதவர்கள் எதிரில் நின்று பேசவும் கணக்குப் போடவும் நேர்ந்தால், அவர்கள் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் வழக்கமான அளவுக்கு ஏறுவதில்லை. அதே சோதனைக்கு முன்பு குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்தவர்களுக்கு அது நன்றாக ஏறுகிறது. கிளெமன்ஸ் கிர்ஷ்பாமும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது. நெருக்கடி நேரத்தில் உடல் காட்டும் பரபரப்பு, எதிரே நிற்பவரை மட்டுமல்லாமல் கடைசியாக உண்ட உணவையும் பொறுத்தது என்று அது காட்டியது.

உடலியல் நூலில் ஒரு பத்தியோடு முடிந்துவிடக்கூடிய இந்தச் செய்தி, சமயமும் தத்துவமும் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒரு கேள்வியைத் தொடுகிறது. பொறுமை, அமைதி, சினமின்மை ஆகியவற்றைச் சமயங்கள் உயர்ந்த குணங்களாகப் போற்றுகின்றன. அவற்றை அடைவதற்கு உணவைக் குறைக்கவும் நோன்பு நோற்கவும் சொல்கின்றன. ஒரு டம்ளர் இனிப்பு நீர் உடலின் பரபரப்பை மாற்ற வல்லது என்றால் அந்தக் குணங்கள் யாருடையவை? உடலுடையவையா, மனத்துடையவையா, இரண்டையும் கடந்த உயிருடையவையா? வயிறு காலியாக இருந்ததால் பதறாமல் நின்றவரைப் பொறுமைசாலி என்று சொல்லலாமா?

உடலின் ஏற்பாடு

ஆபத்தோ அவமானமோ நெருங்குகிறது என்று மூளை கணித்தவுடன் உடல் இரண்டு வழிகளில் தயாராகிறது. முதலாவது நரம்பு வழி. சில நொடிகளில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. இரண்டாவது வழி சற்று மெதுவானது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகங்களின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகளை எட்டியதும் அவற்றின் புறப்பகுதியிலிருந்து கார்டிசால் வெளிப்படுகிறது. நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ அரை மணி நேரத்தில் உமிழ்நீரிலேயே இந்த ஏற்றத்தை அளந்துவிடலாம்.

கார்டிசாலுக்குப் பொதுப்பேச்சில் கெட்ட பெயர் உண்டு. உண்மையில் அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. அட்ரினல் சுரப்பி பழுதாகி இந்த ஹார்மோன் வற்றிப்போன நோயாளிக்குச் சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். கல்லீரலில் புதிதாகக் குளுக்கோஸ் உண்டாக்கச் செய்வதும், மற்ற திசுக்கள் அதைச் செலவிடுவதைக் குறைத்து மூளைக்கு மிச்சம் பிடித்துத் தருவதும் அதன் முக்கிய வேலைகள். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்பதால் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. நெருக்கடி எதுவும் இல்லாத நாளிலும் காலையில் கண்விழித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசால் உச்சத்துக்கு வந்து, பிறகு இரவு வரை இறங்கிக்கொண்டே போகும்.

கார்டிசாலின் வேலை ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது என்றால், சர்க்கரை ஏற்கெனவே தாராளமாக இருக்கும்போது அது குறைவாகவும், பட்டினியில் அதிகமாகவும் சுரக்க வேண்டும் என்றுதான் தோன்றும். சோதனையில் நடந்தது நேர்மாறானது.

ட்ரியர் சோதனை

1993இல் ஜெர்மனியின் ட்ரியர் நகரில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் ஆகிய மூவரும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். வலியோ மின்அதிர்ச்சியோ இல்லாமல், வெறும் சமூகச் சூழலைக் கொண்டே மன அழுத்தத்தை உண்டாக்குவது அதன் நோக்கம். சோதனைக்கு வந்தவர் ஓர் அறைக்குள் அழைக்கப்படுவார். மேசைக்குப் பின்னால் நடுவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒலிவாங்கியும் வீடியோ கேமராவும் இருக்கும். ஒரு வேலைக்குத் தானே தகுதியானவர் என்று அவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நடுவர்கள் தலையசைக்க மாட்டார்கள், புன்னகைக்க மாட்டார்கள். பேச்சு முடிந்ததும் 1022இலிருந்து 13, 13ஆகக் குறைத்து வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். 1009, 996, 983 என்று போகிறவர் ஓரிடத்தில் தப்பு செய்தால், மறுபடி 1022இலிருந்து தொடங்கச் சொல்வார்கள். இதுவும் ஐந்து நிமிடம்.

1997ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்கள் குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாமல் வந்தார்கள். ஒரு பகுதியினருக்கு 100 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரும் மற்றவர்களுக்கு வெறும் நீரும் தரப்பட்டன. இனிப்பு நீர் குடித்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் தெளிவாக உயர்ந்தது. வெறும் நீர் குடித்தவர்களிடம் அந்த உயர்வு மழுங்கியிருந்தது. 2002இல் கொன்சாலஸ் போனோவும் சக ஆய்வாளர்களும் 37 ஆண்களைக் கொண்டு இதைத் தொடர்ந்தார்கள். வயிறு நிறைந்ததுதான் காரணமா, சர்க்கரைதான் காரணமா என்று பிரித்தறிவதற்காக, குளுக்கோஸ், புரதம், கொழுப்பு, வெறும் நீர் என்று நான்கு பிரிவுகள் வைத்தார்கள். குளுக்கோஸ் பிரிவினருக்கு மட்டுமே கார்டிசால் கூடுதலாக ஏறியது. புரதத்துக்கும் கொழுப்புக்கும் அந்த விளைவு இல்லை.

கையிருப்பில் ஆற்றல் இருந்தால்தான் அவசரச் செலவுக்கு மூளை அனுமதி தருகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்பதை உணரும் நரம்பணுக்கள் ஹைபோதலாமஸில் உண்டு. கார்டிசாலைத் தூண்டும் சங்கிலியும் அங்கேதான் தொடங்குகிறது.

இதன் எல்லைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரவுப் பட்டினி என்பது ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழுந்த நிலை அன்று. நலமான உடல் அதை 100 மில்லிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை காத்துக்கொள்கிறது. அதற்கும் மிகக் கீழே இறங்கினால் அதுவே ஓர் அபாயமாகி, கார்டிசால் தானாகப் பாயும். பல நாள் பட்டினியிலும் அதன் அடிப்படை அளவு உயர்கிறது. பெண்களின் கார்டிசால் அளவீட்டில் மாதவிடாய்ச் சுழற்சியும் கருத்தடை மாத்திரையும் குறுக்கிடுவதால் தொடக்க ஆய்வுகள் ஆண்களோடு நின்றன. அவற்றின் முடிவை எல்லோர் மீதும் அப்படியே ஏற்ற முடியாது. நாள்கணக்கில் சர்க்கரை உண்பதன் விளைவும் வேறாக இருக்கலாம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டு நாள் சர்க்கரைப் பானம் குடித்த பெண்களுக்கு, செயற்கை இனிப்பூட்டி கலந்த பானம் குடித்தவர்களைவிட நெருக்கடியில் கார்டிசால் குறைவாகவே ஏறியது. ஒரே ஒரு வேளை உண்ட சர்க்கரை தூண்டுகிறது, தொடர்ந்து உண்ணும் சர்க்கரை மழுக்குகிறது என்று தோன்றினாலும், ஆட்களும் பானமும் கால அளவும் வேறுபடுவதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

தத்துவ நோக்கில் முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. கார்டிசால் ஏறுவதும் ஒருவர் தவிப்பை உணர்வதும் ஒன்றல்ல. இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வுரை, உடலில் அளந்த மாற்றமும் ஆட்கள் தாமே சொன்ன பதற்றமும் பெரும்பாலான ஆய்வுகளில் ஒத்துப்போகவில்லை என்று கண்டது. உமிழ்நீரில் அமைதி தெரிந்தவர் உள்ளே தவித்திருக்கலாம். கார்டிசால் உச்சத்தில் இருந்தவர் நிதானமாகவே கணக்குப் போட்டிருக்கலாம்.

உத்தாலகரின் பரிசோதனை

உணவுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைச் சோதித்தே காட்டும் ஒரு காட்சி சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. பன்னிரண்டு ஆண்டு குருகுலத்தில் படித்து, கற்றோம் என்ற செருக்கோடு வீடு திரும்பிய சுவேதகேதுவுக்குத் தந்தை உத்தாலக ஆருணி பாடம் சொல்கிறார். உண்ட உணவு மூன்றாகப் பிரிகிறது என்கிறார். பருமையானது கழிவாகிறது, இடைப்பட்டது தசையாகிறது, நுண்ணியது மனமாகிறது. மகன் நம்பத் தயங்க, பதினைந்து நாள் சோறு உண்ணாதே, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடி என்கிறார். பதினாறாம் நாள் மகன் வந்து நிற்கிறான். வேதங்களைச் சொல் என்றால், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பெருநெருப்பு அணைந்து மின்மினி அளவு கனல் மட்டும் எஞ்சினால் அது எதையும் எரிக்காது என்று தந்தை விளக்குகிறார். சாப்பிட்டுவிட்டு வந்த மகன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான்.

பழைய முனிவர்களுக்கு ஹார்மோன் தெரிந்திருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள இடமில்லை. அங்கே பேசப்படுவது நினைவாற்றல். ட்ரியர் அறையில் அளக்கப்பட்டது பரபரப்பு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படும். சுவேதகேதுவுக்கு உணவு தந்தது ஓதும் திறமை. சோதனைக்கு வந்த ஆண்களுக்குச் சர்க்கரை தந்தது பதறும் திறமை. பாடம் சொல்வதும் பதறுவதும் ஆற்றல் கேட்கும் செயல்களே. உணவு அந்த ஆற்றலைத் தருகிறது. அது எதற்குச் செலவாக வேண்டும் என்பதை உணவு முடிவு செய்வதில்லை.

மனம் சடமா?

மனம் உணவால் மாறுகிறது என்ற செய்தி எல்லாத் தத்துவங்களையும் ஒரே அளவில் உலுக்குவதில்லை. மனத்தையும் ஆன்மாவையும் ஒன்றாகக் கொண்டு, அதை உடலுக்கு எதிர்நிலையில் வைக்கும் தத்துவத்துக்கே அது பெரிய சிக்கல். இந்தியத் தத்துவங்கள் பலவும் கோட்டை வேறிடத்தில் கிழித்தன. சாங்கியத்தில் புத்தி, அகங்காரம், மனம் மூன்றும் பிரகிருதியின் விளைவுகள். அவை சடப்பொருளின் நுண்வடிவங்கள். உயிராகிய புருடன் வெறும் சாட்சி. ஆகவே உண்ட உணவு மனத்தை அசைப்பதில் சாங்கியருக்கு வியப்பு ஏதும் இல்லை.

தமிழகத்துச் சைவ சித்தாந்தமும் இந்த வரிசையில் நிற்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் நான்கும் முப்பத்தாறு தத்துவங்களில் அடங்குபவை. அவை மாயையிலிருந்து தோன்றியவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், உயிர் இந்தக் கருவிகளில் எதுவும் அன்று என்றும், அரசன் அமைச்சர்களோடு கூடிச் செயல்படுவதுபோல் அவற்றோடு கூடியே அது செயல்படுகிறது என்றும் நிறுவுகிறது. அரசன் அமைச்சன் ஆகிவிடுவதில்லை. ஆனால் அமைச்சர்கள் கொண்டுவரும் செய்தியை விட்டால் அவனுக்கு நாட்டு நடப்பு தெரியாது. சர்க்கரை அமைச்சர்களை மாற்றுகிறது. உயிருக்கு அதனால் கேடு இல்லை என்று சித்தாந்தி சொல்லலாம். அதே மூச்சில், அந்த மாற்றத்தை விலக்கி உலகை நேராக அறியும் வாய்ப்பு கட்டுநிலையில் உள்ள உயிருக்கு இல்லை என்றும் அவர் சொல்லியாக வேண்டும்.

பௌத்தம் சாட்சியாக நிற்கும் ஆன்மாவை ஏற்காது. அதற்குப் பதிலாக உயிர்களைத் தாங்கும் ஆகாரங்கள் நான்கு என்று வகுத்தது. கவளமாக உண்ணும் உணவு, புலன்களின் தொடுகை, மனத்தின் நாட்டம், விஞ்ஞானம் எனப்படும் அறிவுணர்வு என்பவை அவை. ட்ரியர் அறையை இந்த வகுப்பு நன்றாக விளக்குகிறது. இனிப்பு நீர் மட்டும் குடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பரபரப்பு எழாது. நடுவர்களின் இறுகிய முகம் கண்ணில் பட வேண்டும், நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்ற நாட்டம் இருக்க வேண்டும், தன்னை எடைபோடுகிறார்கள் என்ற அறிவும் வேண்டும். டிக்கர்சன், கெமனி ஆகிய இருவர் 2004இல் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறர் மதிப்பீட்டுக்கு ஆளாவதும் நிலைமை தன் கைமீறிப் போவதும் சேரும்போதே கார்டிசால் அதிகமாக ஏறுகிறது என்று கண்டார்கள். மானம் போகுமோ என்ற அச்சம் அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. சர்க்கரை அதற்குத் துணைக்காரணம்.

கேலனும் கப்பலில் வெளிறிய அறிஞரும்

மேற்கில் இந்த விவாதத்தின் ஒரு முனையில் நிற்பவர் இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன். ஆன்மாவின் ஆற்றல்கள் உடலின் கலவைகளைப் பின்தொடர்கின்றன என்பதை நிறுவ அவர் ஒரு தனி நூலே எழுதினார். உணவால் ஒருவரை அடக்கமுள்ளவராகவோ அடங்காதவராகவோ ஆக்க முடியும் என்பதை நம்பாதவர்கள் தன்னிடம் வரட்டும், எதைத் தின்பது எதைக் குடிப்பது என்று சொல்லித்தருகிறேன் என்று அதில் துணிந்து அழைக்கிறார். அப்படியானால் கெட்டவரைக் கண்டிக்க என்ன நியாயம் என்ற எதிர்க்கேள்வியையும் அவர் சந்தித்தார். தேள் தானாக விரும்பித் தேளாகவில்லை. இருந்தும் அதை அடிக்கிறோம் என்பது அவர் விடை. இந்த விடையில் தற்காப்புக்கு இடம் இருக்கிறது, பொறுப்புக்கு இடம் இல்லை.

அரிஸ்டாட்டில் இன்னும் நுட்பமாகப் போனார். சினம் என்றால் என்ன என்று இயற்கையாளரைக் கேட்டால் இதயத்தைச் சுற்றிய ரத்தத்தின் கொதிப்பு என்பார். தர்க்கவாதியைக் கேட்டால் பதிலுக்குப் புண்படுத்தும் விருப்பம் என்பார் என்று ஆன்மாவைப் பற்றிய தம் நூலின் தொடக்கத்திலேயே எழுதினார். ஒருவர் சொல்வது பொருள், மற்றவர் சொல்வது வடிவம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சினத்தைச் சொன்னதாகும். ரத்தக் கொதிப்பின் இடத்தில் கார்டிசாலை வைத்தாலும் இந்த வாதம் குலையாது. உமிழ்நீரை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், அந்த மனிதர் எதைக் கண்டு எதற்காகப் பதறினார் என்பது அந்த எண்ணில் இராது.

பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபினரான ஸ்டோயிக் அறிஞர்கள் ஒரு படி மேலே சென்று, பதற்றத்தையே பகுத்தார்கள். சினத்தைப் பற்றிய நூலில் செனெகா மூன்று நிலைகளைச் சொல்கிறார். முதல் அசைவு தன் விருப்பம் இல்லாமல் எழுவது. மயிர்க்கூச்சம், முகம் வெளிறுதல் போன்றது. இரண்டாவது, எனக்கு இழைக்கப்பட்டது அநீதி, பழிவாங்குவது தகும் என்ற எண்ணத்துக்கு மனம் இசைவது. மூன்றாவது, அறிவைத் தள்ளிவிட்டு ஓடும் வெறி. அயோனியக் கடலில் புயலில் சிக்கிய ஒரு கப்பலைப் பற்றி, அதில் தாமும் இருந்த ரோமானிய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் எழுதிய செய்தி இதற்கு நல்ல சான்று. அதில் பயணம் செய்த ஸ்டோயிக் அறிஞர் ஒருவர் மற்றவர்களைப் போலவே முகம் வெளிறிப்போனார். புயல் ஓய்ந்ததும் ஒரு செல்வர், தத்துவம் படித்த உமக்கு என்ன பயம் என்று கேலி செய்தார். பின்னர் கெல்லியுஸ் தனியே கேட்டபோது, அந்த அறிஞர் ஸ்டோயிக் ஆசான் எபிக்டேட்டஸின் நூல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். திடுக்கிடும் காட்சிக்கு ஞானியின் முகமும் நிறம் மாறும். அந்தக் காட்சி சொல்வது உண்மை என்று அவர் மனம் ஒப்புக்கொள்ளாது என்பது அங்கே கண்ட விளக்கம்.

கார்டிசால் ஏற்றம் இந்த முதல் அசைவைச் சேர்ந்தது. அது கூடுவதும் குறைவதும் ஒருவருடைய ஒழுக்கத்துக்கு மதிப்பெண் ஆகாது. ஒழுக்கம் தொடங்குவது இசைவு தரும் இடத்தில். ஆனால் அதே செனெகா, பசியும் தாகமும் களைப்பும் உள்ளவர்கள் சண்டைக்கு எளிதில் இழுபடுவார்கள் என்பதால் அந்த நிலையில் சிக்கலான விவகாரங்களைத் தொடாமல் இருப்பது நல்லது என்றும் அறிவுறுத்துகிறார். இசைவு தன் கையில் இருக்கிறது என்று நம்பியவரும், அந்தக் கை எப்போது தளரும் என்பதைக் கவனித்தார்.

மன உறுதி சர்க்கரையால் ஆனதா?

சர்க்கரைக்கும் ஒழுக்கத்துக்கும் இன்னும் நேரான தொடர்பைச் சொன்ன ஒரு கொள்கை அண்மைக் காலத்தில் புகழ்பெற்று, பிறகு ஆட்டம் கண்டது. மன உறுதி செலவழிந்து தீரக்கூடியது என்று 1998இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். 2007இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, தீரும் அந்தப் பொருள் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ்தான் என்றும், சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு குடித்தவர்களுக்கு அடக்கம் திரும்பியது என்றும் சொன்னது. பிறகு வந்தவர்கள், சர்க்கரை நீரை விழுங்காமல் வாய் கொப்பளித்துத் துப்பினாலே போதும் என்று கண்டார்கள். மன உறுதிக்கு எல்லை உண்டு என்று நம்புகிறவர்களுக்கு மட்டுமே சர்க்கரை உதவியது என்று 2013இல் இன்னொரு ஆய்வு சொன்னது. 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து 2,000க்கும் அதிகமானவர்களிடம் சோதித்தபோது, மன உறுதி செலவழிந்து தீர்கிறது என்ற விளைவே ஏறத்தாழ மறைந்துபோனது.

கொள்கை ஆட்டம் கண்ட விதம் பாடம் தருவது. குளுக்கோஸ் கார்டிசாலை ஏற்றுகிறது என்பது ஒரு சுரப்பியைப் பற்றிய கூற்று. அதை எண்ணால் சரிபார்க்கலாம். குளுக்கோஸ்தான் மன உறுதி என்பது ஒரு மனிதப் பண்பை ஒரு பொருளாக மாற்றும் கூற்று. முதலாவது உறுதியாக நின்றாலும் இரண்டாவது அதிலிருந்து பிறக்காது. நம்பிக்கையே சர்க்கரையின் விளைவை மாற்றக்கூடும் என்றால், எண்ணம் உடலைப் பின்தொடர்வது போலவே உடலும் எண்ணத்தைப் பின்தொடர்கிறது.

பொறுப்பின் தொடக்கம்

உடல் இப்படி இருந்தது, நான் என்ன செய்வேன் என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1978 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் நகராட்சி உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் டான் வைட் சுட்டுக்கொன்றார். மனச்சோர்வால் அவருடைய சிந்திக்கும் திறன் குறைந்திருந்தது என்று அவர் தரப்பு வாதிட்டது. சாட்சி சொன்ன மனநல மருத்துவர், வைட் இனிப்புத் தீனியையும் கோலா பானத்தையுமே தின்றுகுடித்துக் கிடந்ததை அந்தச் சோர்வின் அடையாளங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். பத்திரிகைகள் அதை ட்விங்கி என்ற கிரீம் கேக்கின் பேரால் அழைக்க, கேக் தின்றதால் கொலை செய்தார் என்று வாதிட்டதாகவே ஊர் நம்பிவிட்டது. திட்டமிட்ட கொலை என்ற குற்றச்சாட்டு குறைக்கப்பட்டு, ஏழு ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நகரில் கலவரம் மூண்டது. குறைந்த திறன் என்ற அந்த எதிர்வாதத்தையே கலிஃபோர்னியா பின்னர் நீக்கிவிட்டது.

மக்கள் கொதித்ததற்குக் காரணம் உண்டு. காரணம் சொல்வதும் மன்னிப்பதும் ஒன்றாகிவிட்டால் எந்தச் செயலுக்கும் ஆள் இருக்க மாட்டார். ஏனென்றால் எல்லாச் செயலுக்கும் உடலில் ஒரு காரணம் இருக்கவே செய்யும். அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு வழி காட்டினார். குடிபோதையில் குற்றம் செய்தவருக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை அவர் நியாயப்படுத்துகிறார்: போதையில் அவர் தன் வசம் இல்லை என்பது உண்மை, ஆனால் குடிக்காமல் இருப்பது அவர் வசம் இருந்தது. உணவுக்கும் இது பொருந்தும். பசியில் தனக்கு எரிச்சல் மிகும் என்று அறிந்தவர், சாப்பிடாமல் ஒரு கடினமான பேச்சுக்கு உட்கார்ந்தால், அவருடைய பொறுப்பு கோபம் வந்த கணத்தில் தொடங்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட கணத்திலேயே தொடங்கிவிட்டது. தன் உடலைப் பற்றிய அறிவு கூடக்கூடச் சாக்கு குறைகிறது.

நோன்பின் அமைதி

பட்டினியில் கார்டிசால் ஏற்றம் மழுங்குகிறது என்ற செய்தியைக் கேட்டவுடன், நோன்பு மனத்தை அடக்கும் என்பதற்கு அறிவியலே சான்று தந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அந்த முடிவு அவசரமானது. செலவுக்கு ஆற்றல் இல்லாததால் உடல் அடங்கியிருப்பதைச் சமயங்கள் சாந்தி என்று அழைக்கவில்லை. உருவேலாவில் கடுந்தவம் செய்து எலும்பும் தோலுமாகிப்போன, பின்னாளில் புத்தரான கோதமர், இந்த நலிந்த உடலோடு தியானத்தின் இன்பத்தை அடைவது எளிதன்று என்று உணர்ந்து, சோறும் கஞ்சியும் உட்கொண்டார் என்று பாலி நூலான மஹாசச்சக சுத்தம் சொல்கிறது. உடன் இருந்த ஐவர் அவர் தவத்தைக் கைவிட்டதாக எண்ணி விலகினார்கள். உடலின் ஒடுக்கமும் மனத்தின் ஒருமையும் வேறு வேறு என்பதை அவர் தம் உடம்பிலேயே கண்டறிந்தார். மிகுதியாக உண்பவனுக்கும் சிறிதும் உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயமும் சொல்கிறது.

நோன்பை வலியுறுத்தும் மரபுகளும் அதைப் பசியோடு நிறுத்துவதில்லை. ரமலான் நோன்பாளியை ஒருவர் ஏசினாலோ சண்டைக்கு இழுத்தாலோ, தாம் நோன்பிருப்பதாகச் சொல்லி விலக வேண்டும் என்று நபிமொழி அறிவுறுத்துகிறது. பசி தானாகவே சினத்தைப் போக்கிவிடும் என்றால் இந்த அறிவுரைக்கு வேலை இல்லை. சமண மரபு உண்ணாமையைப் புறத்தவங்கள் ஆறில் முதலாவதாக வைத்து, அகத்தவங்கள் ஆறை வேறாக எண்ணுகிறது. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கு கசாயங்கள் தேய வேண்டும் என்பதே அங்கே குறிக்கோள்.

நோன்பு உண்மையில் தருவது ஒரு பயிற்சிக் களம். முதல் அசைவு எழும் விதம் அப்போது மாறுகிறது. வழக்கமான தாங்கல்கள் இல்லாத நிலையில் எதற்கு இசைவது, எதை விலக்குவது என்று நோன்பாளி கவனிக்கக் கற்றுக்கொள்கிறார். நோன்பு முடிந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் உண்டு உடலில் சர்க்கரை ஏறிய பிறகும் அந்தக் கவனம் நின்றால், அவர் பெற்றது குணம். உண்டவுடன் அது கரைந்துபோனால், அவரிடம் இருந்தது வெறும் ஆற்றல் குறைவு. இந்த வேறுபாட்டை உமிழ்நீர்ச் சோதனை காட்டாது. நோன்பில்லாத நாட்களின் நடத்தை காட்டும்.

பிறர் பசி

இதுவரை சொன்னவை தன் உடலை ஆளும் வசதி உள்ளவருக்கு உரியவை. உண்பதும் உண்ணாமையும் தன் விருப்பத்தில் இல்லாதவரின் நிலை வேறு. பசி வந்தால் மானம், கல்வி, தவம் முதலியவை பறந்துபோகும் என்று பட்டியலிடும் நல்வழியும், பசியைப் பிணி என்றும் பாவி என்றும் பேசும் மணிமேகலையும் அறியாத ஒன்றை ஹார்மோன் ஆய்வு புதிதாகச் சொல்லிவிடவில்லை. ஆனால் அது ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறது. பசித்தவர் எப்போதும் கொதித்தெழ மாட்டார், மழுங்கிப்போயும் இருப்பார். அவமதிக்கும்போது எதிர்ப்புக் காட்டாமல் நிற்கும் பசித்த மனிதரைப் பொறுமைசாலி என்று பாராட்டுவது, அவருடைய இல்லாமையை அவருடைய அறமாக எழுதிவைப்பதாகும்.

பசியைப் பொறுப்பது தவம் செய்வோரின் வலிமை. அந்தப் பசியைப் போக்குவோரின் வலிமை அதைவிடப் பெரிது என்பது ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை. குணத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவை வைத்துப் பார்த்தாலும் அந்த வரிசை சரியானதே. பொறுமை என்ற பேருக்கு ஒருவர் உரியவராக வேண்டுமானால், பதறவும் எதிர்த்து நிற்கவும் தேவையான ஆற்றல் முதலில் அவர் உடலில் இருக்க வேண்டும். அது இருந்தும் அவர் நிதானம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை அந்த ஆற்றலை மட்டும் தருகிறது. அதை வைத்துக்கொண்டு செய்வது ஆளின் பொறுப்பு. அது எல்லோர் உடலிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது சமூகத்தின் பொறுப்பு.